எபி சொல்லாத வசனம்

பை மடியிலயே இருக்கட்டும் அண்ணாச்சி, மேல வைக்க வேண்டாம். கனமெல்லாம் இல்ல. உள்ள ஒரு சின்ன பொம்மை இருக்கு, பிளாஸ்டர்ல செஞ்சது. வண்டி ஒரு தூக்குத் தூக்கிப் போட்டா போச்சு. துண்டுல சுத்தித்தான் வச்சிருக்கேன், இருந்தாலும் பயமா இருக்கு. நீங்க நல்லா சாய்ஞ்சு உக்காருங்க. நாகர்கோவிலா? நான் காவல்கிணத்துல எறங்கி வடக்கன்குளம் போகணும். மாமனார் வீடு.

பண்டிகைக்குப் போறேன்னு நினைச்சிராதீங்க. பண்டிகை முடிஞ்சு மூணு நாளாச்சு. அது எங்க வீட்லதான் நடந்துது, பாளையங்கோட்டையில. அண்ணன் குடும்பம், அக்கா குடும்பம், அவங்க பிள்ளைகள், பிள்ளைகளோட பிள்ளைகள்னு பத்தொம்பது பேரு. ரெண்டே ரெண்டு ரூமு உள்ள வீடு. அன்னைக்குச் சாயங்காலமே என் வீட்டுக்காரி பிள்ளையத் தூக்கிட்டு வடக்கன்குளம் வந்துட்டா. ஏன்னு கேட்டா அவ சொல்லுத காரணம் ஒண்ணு, நான் நினைக்கது ஒண்ணு. நீங்க மூத்தவங்க. நடந்ததை நடந்தபடியே சொல்லுதேன், கேட்டுட்டு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க.

என் பேரு செல்வின். வாத்தியாரு. பேச்சுப் போட்டி, வசனப் போட்டி எது நடந்தாலும் எங்க பள்ளிக்கூடத்துல செல்வின் சார்ட்டதான் பிள்ளைகளை விடுவாங்க. பதினாலு வருஷமா இதே வேலை. வீட்ல நாலு பேரு முன்னால வாயத் திறக்காத பிள்ளைய மேடையேத்தி மைக்கைப் பிடிக்க வச்சிருக்கேன். ஹெட்மாஸ்டர் ரூம்ல ரெண்டு பீரோ நிறைய ஷீல்டு இருக்கு, பூராவும் என் பிள்ளைகள் வாங்குனது. பெருமைக்குச் சொல்லல. விஷயம் அதுல இருக்கு, அதுக்காகச் சொல்லுதேன்.

எனக்கு ஒரே மகன், எபி. எபிநேசர். கல்யாணம் முடிஞ்சு ஏழு வருஷம் காத்திருந்து பெறந்தவன். இப்ப மூணு வயசு முடிஞ்சு ரெண்டு மாசம். காது நல்லாக் கேக்கும், டெஸ்ட் எடுத்தாச்சு. அடுப்படியில பிஸ்கட் கவரைப் பிரிச்சா மொட்டை மாடியிலேருந்து ஓடி வருவான். நாம சொல்லுததெல்லாம் அவனுக்கு விளங்கும். பேச்சுதான் வரல. அம்மா இல்ல, அப்பா இல்ல, ஒரு வார்த்தை இல்ல. ஏதும் வேணும்னா நம்ம விரலப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அது முன்னால நிப்பாட்டுவான். அவ்வளவுதான்.

வாத்தியார் வீட்டுப் பிள்ளைன்னா சும்மா விடுவாங்களா அண்ணாச்சி? பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர், ஊரையெல்லாம் பேச வைக்கீங்க, உங்க பையன் என்ன சொல்லுதான் சார்னு கேட்டாங்க. நல்ல மனசோடதான் கேட்டாங்க. நான் அன்னைக்கு டிபன் பாக்ஸைத் திறக்கல.

இப்ப எங்க வீட்டு வழக்கத்தைச் சொல்லணும். கிறிஸ்மஸ் அன்னைக்கு மத்தியானம் இலை போட்டு எல்லாரும் உக்காந்த பெறகு, குடும்பத்துலயே சின்னப் பிள்ளை எதுவோ அதை ஒரு முக்காலியில ஏத்தி நிப்பாட்டுவாங்க. ஆட்டிடையங்களப் பாத்து பயப்படாதீங்கன்னு தேவதூதன் சொல்லுவாருல்லா, அந்த வசனத்தைப் பிள்ளை பாராமச் சொல்லணும். சொன்னாத்தான் அப்பா ஜெபம் பண்ணுவாங்க. ஜெபம் முடிஞ்சாத்தான் சோறு. அப்பா அதுல ரொம்பக் கண்டிப்பு. நான் ரெண்டரை வயசுல ஒரு எழுத்துப் பிசகாமச் சொன்னேன். போட்டோ இருக்கு. முக்காலியில நிக்கேன், அப்பா என் தோள்ல கை வச்சிருக்காங்க. அப்பா என் தோள்ல கை வச்ச போட்டோ அது ஒண்ணுதான்.

எங்க அண்ணன் தங்கதுரை எனக்கு ஆறு வயசு மூப்பு. அவன் முறை வந்தப்ப அவனுக்குச் சொல்ல வரல. மூணு மணி வரைக்கும் முக்காலியிலயே நின்னானாம். பிரியாணி ஆறிப் போச்சாம், வந்த சொந்தக்காரங்க பசி தாங்காம முறுக்கைத் தின்னுட்டு இருந்தாங்களாம். அதை வருஷா வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அவன் பேசுனா இப்பவும் திக்கும். பெறவியிலயே அப்படி போல. கோவில்பட்டியில தண்ணித் தொட்டிக்கு மோட்டார் போடுத வேலை பாக்கான். நல்ல வேலை, அதிகம் பேச வேண்டியிருக்காது.

அப்பா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. சாமான்களைப் பங்கு வச்சப்ப நான் வேற ஒண்ணும் கேக்கல. முக்காலிய மட்டும் கேட்டு வாங்கிட்டு வந்தேன். போன வருஷம் பண்டிகை தாம்பரத்துல, எஸ்தர் அக்கா வீட்ல. நாங்க போகல, எபிக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டேன். காய்ச்சல் ஒண்ணும் இல்ல. ஒரு வருஷத்துல பேச்சு வந்துரும், பெறகு பாத்துக்கிடலாம்னு இருந்தேன். இந்த வருஷம் எங்க முறை. ஆகஸ்ட் மாசமே அக்கா போன் பண்ணிட்டா. எபிதான் இப்ப சின்னவன், அவன்தான் சொல்லணும், சொல்லிருவானால்னு கேட்டா. நான் முழுசாச் சொல்லுவான்னு சொல்லிட்டேன். யோசிக்கவே இல்ல அண்ணாச்சி. வாய் அதுபாட்டுக்குச் சொல்லிட்டு.

சொன்ன பெறகு சும்மா இருக்க முடியுமா? செப்டம்பர் ஒண்ணாந்தேதியே ஆரம்பிச்சிட்டேன். தினம் சாயங்காலம் ஆறுலேருந்து ஏழு வரைக்கும். டிவிய அணைச்சிருவேன், விளையாட்டுச் சாமானையெல்லாம் பீரோ மேல வச்சிருவேன். பிள்ளைய முக்காலியில ஏத்தி, நாடியை, இந்த மோவாய்க்கட்டையை, ரெண்டு விரலால இப்படிப் பிடிப்பேன், கண்ணு நம்மளப் பாக்கணும்ல. பாத்த உடனே, சொல்லு. கொஞ்சம் பொறுத்து, சொல்லு. அடுத்த கையில பிஸ்கட் வச்சிருப்பேன். வாயத் திறந்தா குடுப்பேன், திறக்கலன்னா கையைப் பின்னால இழுத்துக்கிடுவேன். இதுதான் என் முறை. இதுல ஜெயிக்காத பிள்ளை இல்ல. அடி கெடையாது அண்ணாச்சி. பதினாலு வருஷத்துல ஒரு பிள்ளைய அடிச்சதில்ல. ரொம்ப அடம் பிடிச்சா தொடையில லேசா ஒரு தட்டு. அது அடியா? நீங்களே சொல்லுங்க.

ரெஜினாவுக்கு அது பிடிக்கல. ரெஜினாதான் என் வீட்டுக்காரி. அவளா ஒரு இடம் விசாரிச்சு எபியக் கூட்டிட்டுப் போனா, பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி குடுக்குத இடம். என்னையவும் ஒருநாள் வரச் சொன்னாங்க. அங்க உள்ள மிஸ்ஸுக்கு இருவத்தஞ்சு வயசு இருந்தா அதிகம். சொல்லு சொல்லுன்னு கேக்காதீங்க சார்னு அந்தப் பிள்ளை எனக்குச் சொல்லுது. அவன் பக்கத்துல தரையில உக்காருங்க, அவன் விளையாடுததைப் பாருங்க, நீங்க பாட்டுக்கு ஏதாவது பேசுங்க, பதில் கேக்காதீங்க, பேச்சு இல்லன்னா நீங்களும் பேசாம இருங்க, காத்திருங்கன்னுது. சும்மா உக்காந்திருக்கதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு சர்டிபிகேட். நான் சிரிச்சிட்டு வந்துட்டேன். நாலு நாள் கழிச்சு ரெஜினா, நீங்க ஒருநாளாவது தரையில உக்காந்தீங்களான்னு கேட்டா. எனக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்த இருந்துது.

நவம்பர் முடிஞ்சுது. ஒரு எழுத்து வரல.

அண்ணாச்சி, இனி சொல்லுதது எனக்கே கொஞ்சம் கூச்சந்தான். டிசம்பர் முதல் வாரம் அக்கா எங்க குடும்ப வாட்ஸப் குரூப்புல, எபி வசனம் சொல்லுதத ஒரு தடவ ரெக்கார்டு பண்ணிப் போடுல தம்பி, அத்தான் கேக்கணும்னு சொல்லுதாங்கன்னு போட்டிருந்தா. எங்க பள்ளிக்கூடத்துல எல்.கே.ஜி.யில ஒரு பிள்ளை, நல்ல மணியான குரலு. இடைவேளையில கூப்பிட்டுச் சொல்ல வச்சேன். மூணு தடவையில படிச்சிட்டு. ரெக்கார்டு பண்ணிக் குரூப்புல போட்டுட்டேன். இவன் பேருன்னு நான் எழுதல, அதை நீங்க கவனிக்கணும். ரெக்கார்டை மட்டுந்தான் போட்டேன். அந்த வயசுல எல்லாப் பிள்ளைக் குரலும் ஒண்ணு போலத்தான இருக்கும். அக்கா அழுதுட்டாளாம். அப்பா திரும்பி வந்தாப்ல இருக்குன்னு எழுதுனா. ஏழெட்டுப் பேரு கையெடுத்துக் கும்பிடுத படம் போட்டாங்க. அண்ணன் மட்டும் ஒண்ணும் போடல.

ரெஜினாவுக்குத் தெரியாது. அவ அந்தக் குரூப்புல கெடையாது, அது எங்க கூடப்பெறந்தவங்க வீட்டுக் குரூப்.

இன்னொண்ணு. நாங்க சி.எஸ்.ஐ., ரெஜினா வீடு ஆர்.சி. எங்க பக்கம் சுரூபம், சிலை வைக்க வழக்கம் இல்ல. ஆனா அவ வருஷா வருஷம் ஹால் மூலையில ஒரு குடில் வைப்பா. ஒரு தட்டுல கேப்பையை முளைக்கப் போட்டு, அது புல்லு மாதிரி பச்சையா வந்த பெறகு அதுல மாடு, ஆடு எல்லாம் நிறுத்துவா. இந்த வருஷம் கேப்பைக்குத் தண்ணி தெளிச்சது பூரா எபிதான். காலையில எந்திரிச்ச உடனே ஒரு டம்ளர எடுத்துட்டுப் போயிருவான். குழந்தை இயேசுவை மட்டும் துணி பீரோவுக்குள்ள வச்சிருந்தா. பண்டிகை அன்னைக்குத்தான் வைக்கணுமாம். இருவத்தஞ்சாந்தேதி நாங்க கோயிலுக்குப் போயிட்டு வந்ததும் எபி கையில குடுத்தா, அவனே கொண்டுபோய் வைக்கோல்ல படுக்க வச்சான். அந்தப் பொம்மைதான் இப்ப பையில இருக்கு.

அக்காவுக்குக் குடிலைப் பாத்ததும் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு. அப்பா இருந்தா இது நடக்குமால்னு என் காதுல சொன்னா. எனக்கு அதுக்கு நேரம் இல்ல. காலையில இட்லி கறிக்குழம்பு முடிய பத்து மணி. பத்தொம்பது பேருக்கு ஒரு பாத்ரூம். தொட்டியில தண்ணி தீந்துட்டு, அண்ணன் வந்த எடத்துலயும் மோட்டாரைத்தான் பாத்துட்டு இருந்தான். பிரியாணி மாஸ்டர் கறி பத்தாதுன்னுட்டாரு. பேரப்பிள்ளைகள் ஊதலை ஊதிட்டு ரூமுக்கு ரூம் ஓடுது. எபி ரெண்டு காதையும் பொத்திட்டுக் கட்டிலுக்கு அடியில போயிட்டான். நான் குனிஞ்சு பாத்தேன். என்னையப் பாத்ததும் இன்னும் உள்ள தள்ளிப் போனான். அந்த நேரத்துல எனக்கு அவன் சட்டை அழுக்காயிருமேங்கதுதான் நினைப்பு. கழுத்துல போ டை வச்ச வெள்ளைச் சட்டை, வசனத்துக்குன்னே எடுத்தது.

பதினோரு மணி இருக்கும், ரெஜினா என்னைய அடுப்படிக்குக் கூப்பிட்டா. கையில வெங்காயம், தயிர்ப் பச்சடிக்கு நறுக்கிட்டு இருந்தா. அக்கா வந்து அவளைக் கட்டிப்பிடிச்சு, எபி குரல் அப்படியே எங்க அப்பா குரல்னு சொல்லி, போன்ல போட்டுக் காட்டியிருக்கா.

"அது யாரு குரல்?"ன்னு கேட்டா.

நான் மெல்லப் பேசுன்னேன். அவ மெல்லத்தான் பேசுனா. சத்தம் போட்டிருந்தா எனக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும். "மத்தியானத்துக்குள்ள நீங்களே மைனிகிட்ட சொல்லிருங்க. பிள்ளைய முக்காலியில ஏத்தாதீங்க. ஏத்துனீங்கன்னா நான் சொல்லிருவேன்." அக்காவைத்தான் அவ மைனிம்பா. அவ்வளவுதான் சொன்னா, திரும்பி வெங்காயத்தை நறுக்க ஆரம்பிச்சிட்டா.

சொல்லணும்னுதான் அண்ணாச்சி ஹாலுக்கு வந்தேன். அக்கா அப்பா போட்டோவுக்கு மாலை போட்டுட்டு நிக்கா. அத்தான் போன்ல வீடியோ எடுக்க ஒரு ஸ்டாண்டு வேற கொண்டு வந்திருக்காரு, எடம் பாத்து அதை நிறுத்திட்டு இருக்காரு. எப்படிச் சொல்லுதது? என்னன்னு ஆரம்பிக்கது? ரெண்டாயிரம் பேரு முன்னால பேசியிருக்கேன், அக்கா ஒருத்திகிட்ட எனக்கு வாய் வரல. சரி, இப்ப வேண்டாம், கர்த்தர் ஒரு வழி விடுவாருன்னு நினைச்சேன். பிள்ளை அந்த நேரத்துல சொல்லிட்டா பிரச்சனையே இல்லைல. எத்தனையோ பிள்ளைகள் ஒத்திகையில சொதப்பிட்டு மேடையில சொல்லியிருக்கு.

ஒரு மணிக்கு இலை போட்டாச்சு. ஹால்ல ரெண்டு வரிசை, வாசல் வரைக்கும். நான் முக்காலிய நடுவுல போட்டேன். எபியக் கட்டிலுக்கு அடியிலேருந்து இழுத்து, தட்டி விட்டு, போ டையை நேராக்கி, ஏத்தி நிப்பாட்டுனேன். ரெஜினா அடுப்படி நிலைப்படியில நிக்கா. நான் அவளைப் பாக்கல.

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. பிள்ளைகள் கூட ஊதலைக் கீழ வச்சிட்டு. நான் நாடியைப் பிடிச்சேன், மெதுவாத்தான். சொல்லு எபின்னேன். அவன் என்னையப் பாக்கான். சொல்லு. அத்தை எல்லாம் பாக்காங்கல்லா, சொல்லு. அக்கா அவளே முதல் ரெண்டு வார்த்தையை எடுத்துக் குடுத்தா. அவன் என்னையவேதான் பாக்கான். கண்ணைக் கூட இமைக்கல. உதடு ஒரு மாதிரி துடிச்சுது, வருது வருதுன்னு நினைச்சேன். வரல. காலு வழியா மூத்திரம் வந்துட்டு. முக்காலி நனைஞ்சு, தரையில வடிஞ்சு, அத்தான் இலை வரைக்கும் போயிட்டு.

யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அக்கா, விடுல பிள்ளை மிரண்டு போச்சுன்னா. நான் இல்லக்கா, சொல்லுவான், தினம் சொல்லுதவந்தான், அஞ்சு நிமிஷம் குடுங்கன்னேன். அப்ப ரெஜினா நடுவுல வந்தா. பிள்ளைய எறக்கித் தரையில விட்டா. விட்டுட்டு அக்காவைப் பாத்து நேராச் சொல்லிட்டா.

"மைனி, அந்தப் போன்ல உள்ளது இவன் குரல் இல்ல. இவனுக்கு இன்னும் பேச்சே வரல. இவன் ஒரு தடவ கூட என்னைய அம்மான்னு கூப்பிட்டதில்ல."

பத்தொம்பது பேரு முன்னால அண்ணாச்சி. தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல? அக்கா என்னையப் பாக்கா, நான் அப்பா போட்டோவைப் பாக்கேன். அக்கா மக பொண்ணு ஒண்ணு, அஞ்சு வயசு, அதுதான், எபி எங்கன்னு கேட்டுது.

எபி குடில்ட்ட இருந்தான். முதுகு எங்களுக்கு, மூஞ்சி குடிலுக்கு. நனைஞ்ச டவுசரோட தரையில முட்டுப் போட்டு உக்காந்திருக்கான். கேப்பைக்குத் தண்ணி ஊத்துத டம்ளரைக் கவுத்திப் போட்டு, அது மேல குழந்தை இயேசுவை உக்கார வச்சிருக்கான். வச்சிட்டு, ரெண்டு விரலால அது நாடியைப் பிடிக்கான். இப்படி. என் மாதிரியே. பிடிச்சிட்டு, "சொல்லு"ன்னான்.

சத்தியமாச் சொல்லுதேன், தெளிவா, எழுத்து எழுத்தாச் சொன்னான். கொஞ்சம் பொறுத்தான். மறுபடியும், "சொல்லு." கையில ஒரு முறுக்குத் துண்டு வச்சிருந்தான், அதைப் பொம்மை வாய்ட்ட கொண்டுபோய்க் காட்டுனான், காட்டிட்டுப் பின்னால இழுத்துக்கிட்டான். பெறகு அது தொடையில லேசா ஒரு தட்டு. "சொல்லு."

எனக்கு அந்த நேரத்துல எப்படி இருந்துது தெரியுமா? மூணு வருஷம் அண்ணாச்சி. மூணு வருஷம் ரெண்டு மாசம் கழிச்சு என் பிள்ளை வாயிலேருந்து வார்த்தை வருது, அதுவும் என் வார்த்தை. நான் கை தட்டிட்டேன். பேசிட்டான், பாத்தியாக்கா, பேசிட்டான்னு கத்திட்டேன். வேற யாரும் தட்டல. அக்கா முந்தானையால வாயப் பொத்திட்டுத் திரும்பிட்டா. ரெஜினா செவுத்துல சாய்ஞ்சு அப்படியே கீழ உக்காந்துட்டா. சந்தோஷத்துலதான்னு நினைச்சேன். சந்தோஷத்துலயும் அழுவாங்கல்லா.

வாய் திறந்த நேரம் விடக்கூடாது, அது எங்க தொழில்ல முதல் பாடம். பிள்ளையத் தூக்குனேன், முக்காலிக்குத் திரும்புனேன். முக்காலிய அங்க காணோம். அண்ணன் கையில வச்சிட்டு நிக்கான். அவன் வேட்டியிலேயே அதைத் துடைச்சிருப்பான் போல, வேட்டி நனைஞ்சிருக்கு.

"வை அண்ணே, பிள்ளை பேச ஆரம்பிச்சிட்டான்"னேன்.

"வே... வே... வேண்டாம்ல"ன்னான். மூஞ்சியெல்லாம் செவந்துட்டு. எவ்வளவோ நேரம் முயற்சி பண்ணி, "சோ... சோத்தைப் போடு. அவ... அவனை விடு"ன்னான். எங்க அண்ணன் எங்கிட்ட சேந்தாப்ல இவ்வளவு பேசுனது அன்னைக்குத்தான். முக்காலியோட வாசலுக்குப் போனான், கார் டிக்கியில வச்சுப் பூட்டிட்டான். சாப்பிட்டதும் கோவில்பட்டிக்குக் கெளம்பிட்டான்.

அதுதான் எனக்கு மனசு விட்டுப் போச்சு. மூத்தவன், அது தனக்குச் சேரணும்னு உள்ளுக்குள்ள இருந்திருக்கும் போல. கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. நேத்து அவன் வீட்டுக்காரிக்குப் போன் பண்ணி, அண்ணன் முக்காலிய எங்க போட்டிருக்கான்னு கேட்டேன். வந்த அன்னைக்கே கோடாலியால வெட்டி வெந்நீர் அடுப்புல வச்சிட்டானாம். குளிச்சிட்டு வந்து ரெண்டு தட்டு சோறு தின்னானாம். ஏன் அப்படிப் பண்ணுனான் அண்ணாச்சி? நல்ல பலா மரம், அப்பா காலத்துச் சாமான்.

அன்னைக்கு ஜெபம் இல்லாமதான் சாப்பிட்டோம். பிரியாணி நல்லா இருந்துதுன்னு சொன்னாங்க. நாலு மணிக்கெல்லாம் வீடு காலியாயிட்டு. அக்கா போகும்போது ரெஜினா கையை மட்டும் பிடிச்சிட்டே ரொம்ப நேரம் நின்னா. அஞ்சு மணிக்கு ரெஜினா பையை எடுத்தா. நான் ஏன்னு கேட்டேன். பேசிட்டானே, இப்ப போயி ஏன்னு கேட்டேன். அவ செருப்பைப் போட்டுட்டே ஒண்ணு கேட்டா. "அவன்கிட்ட நீங்க வேற எதுவும் பேசியிருக்கீங்களா?" அப்படின்னா. பேசியிருக்கேன்ல? அப்பன் பிள்ளைட்ட பேசாமயா இருப்பான்?

மூணு நாளா அதையேதான் யோசிக்கேன். காலையில எந்திரி, அது ஒண்ணு. வா. உக்காரு. இங்க பாரு. தொடாத. சொல்லு. ராத்திரி படுக்கும்போது, சரி, நாளைக்குச் சொல்லு. எண்ணிப் பாத்தா அவ்வளவுதான் வருது அண்ணாச்சி. வேற ஏதும் பேசியிருப்பேன். ஞாபகம் வரல.

இன்னைக்குக் காலையில ரெஜினாவே போன் பண்ணுனா. எபி பொம்மையைத் தேடுதானாம். எல்லாரையும் விரலப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அவங்க வீட்டுக் குடில் முன்னால நிப்பாட்டுதானாம். அங்க உள்ள குழந்தை இயேசு பெருசு, அது அவனுக்குப் பிடிக்கலையாம். நம்ம வீட்டுப் பொம்மையை எடுத்துட்டு வாங்கன்னா. என்னைய வாங்கன்னு சொல்லல. பொம்மையை எடுத்துட்டு வாங்கன்னா. ரெண்டும் ஒண்ணுதான்னு நான் கெளம்பி வந்துட்டேன்.

பணகுடி தாண்டிட்டோமா? கரண்டு எடுக்குத காத்தாடியெல்லாம் தெரிய ஆரம்பிச்சிட்டே. இருங்க அண்ணாச்சி, போன். அவதான்.

ஆமா, பஸ்லதான். பத்திரமா இருக்கு, மடியிலதான் வச்சிருக்கேன். என்னது? எபியா? சரி. சரி, அவன் காதுல வை.

மூச்சு கேக்கு அண்ணாச்சி. அவன்தான், வாயால மூச்சு விடுவான். எபி. எபி, அப்பாதான்ல. அப்பா பஸ்ல வாரேன். என்ன பேசுதது அண்ணாச்சி? வெளிய என்ன காட்டுதீங்க? காத்தாடியா? ஆமா, ஆமா. எபி, இங்க நிறையக் காத்தாடி நிக்குல. பெருசு பெருசா, வெள்ளையா. ஒண்ணு சுத்துது. ஒண்ணு சுத்தாம நிக்கு, காத்து வரலன்னு நிக்கு. இன்னொண்ணு மெதுவாச் சுத்துது. அது பின்னால மலை இருக்கு. மலை மேல மேகம் உக்காந்திருக்கு. இந்தா, ஒரு ஆடு ரோட்டுக்கு வரப் பாக்கு, டிரைவர் ஹாரன் அடிக்காரு, கேக்கா? கேக்கான் அண்ணாச்சி. மூச்சு நின்னு நின்னு வருது, கவனிச்சுக் கேக்கான். சிரிக்கான் போல. எபி, காத்தாடி. காத்தாடில. சொல்லு, காத்தாடி.

எபி.

எபி?

கட் ஆயிட்டு. இந்தப் பக்கம் சிக்னல் சரியா இருக்காது. மலை இருக்குல்லா, அதான்.

இல்ல அண்ணாச்சி. காரணம் சிக்னல் இல்ல. நீங்களும் கேட்டீங்கல்லா. நான் வேணும்னு சொல்லல. நல்லாத்தான பேசிட்டு வந்தேன், காத்தாடி, மலை, ஆடு எல்லாம் நல்லாத்தான வந்துது. கடைசியில அந்தச் 'சொல்லு' அதுவா வந்துட்டு.

அந்தா காவல்கிணறு பாலம். எறங்கணும். கொஞ்சம் காலை ஒதுக்கிக்கிடுங்க. நான் ஒண்ணு நினைச்சிருக்கேன். வாசல்ல போய் நின்னு பையை மட்டும் நீட்டுதேன். உள்ள வரச் சொன்னா வந்து, அவன் பக்கத்துல தரையில உக்காருதேன். வாயத் திறக்கமாட்டேன். அவன் எவ்வளவு நேரம் பேசாம இருக்கானோ அவ்வளவு நேரம் நானும் பேசாம உக்காந்திருக்கேன். திருநெல்வேலியிலேருந்து வாரேன், உங்கள ஒரு வார்த்தை பேச விடல நான். என்னால முடியுமா அண்ணாச்சி? சொல்லுங்க.